கட்டை

ஆரம்பாக்கத்தில் தொடங்கி
ஆந்திராவுக்குள் ஒன்றேகால் கிலோமீட்டர் போய்த்
திரும்பிவிடுவேன்.
காபிக்கு முன்னால் வெளிமாநிலம் போய்வருகிறவள் என்று
எடைமேடையில் பெஞ்சலய்யா கேலி பேசுவார்.

சூலூர்பேட்டை எலும்பு டாக்டர்
படத்தை ட்யூப்லைட்டில் பிடித்துக் காட்டினார்.
இரண்டு எலும்புக்கும் நடுவில்
இருக்கவேண்டிய கறுப்புக் கோடு இல்லை.
மேலே புளியங்கொட்டை அளவுக்கு
புதிதாக ஒன்று முளைத்திருந்தது.
பரிகெத்தொத்தம்மா, என்றார்.
பதினெட்டு வருஷமாகத் தெலுங்கு டிரைவர்களுக்கு
ரசீது போடுகிறவள் நான்.
புரியாதவள் மாதிரி விழித்தேன்.
ஓடக் கூடாது, என்று தமிழிலும் சொன்னார்.
அப்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மஸ்தான் பாய்தான் வைத்தியம் பார்த்தார்.
டயருக்கு ரீட்ரெட் ஒட்டுகிற கடை அவருடையது.
ஷூவைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் வளைத்து
'மடங்காத இடத்தில் உருண்டுதானே போகணும்' என்று
அடியில் தோணி மாதிரி ரப்பர் ஒட்டினார்.
புளியங்கொட்டைக்கு நேரே
பிளேடால் ஒரு ஜன்னல் வெட்டினார்.
காசு வாங்கவில்லை.
லாரிக்குத்தான் வாரன்ட்டி உண்டு என்றார்.

எல்லையில் பழைய செக்போஸ்ட்.
பாதி தூக்கிய கட்டை ஒன்று
அப்படியே துருவேறி நிற்கிறது.
முழுக்க ஏறாது, முழுக்க இறங்காது.
பைக்காரர்கள் குனிந்து போவார்கள்.
என் கட்டைவிரலுக்கும் அவ்வளவுதான் எழும்ப வரும்.
நானும் குனிந்து போகிறேன்.

ஏன் ஓடுகிறாய் என்று கேட்டால்
நாத்தனாரிடம் சர்க்கரை என்பேன்.
மகனிடம் சும்மா.
வீட்டுக்காரர் கேட்பதில்லை, கதவைத் தாழிடாமல் தூங்குவார்.
உண்மை என்னவென்றால்
முதல் கிலோமீட்டரில் ஒவ்வொரு அடிக்கும்
பல்லில் மண் கடிபடுகிற மாதிரி இருக்கும்.
இறால் குட்டைகளில் சக்கரங்கள் தண்ணீரை அடிக்கும் சத்தம்
கேட்கத் தொடங்குகிற இடத்தில்
வலி வாயை மூடிக்கொள்ளும்.
சமாதானமாகி அல்ல,
அலுத்துப்போய்.
அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான்.

இந்த விரலை
அம்மிமேல் வைக்க ஒருவர் பிடித்துத் தூக்கினார்.
கடைசியில் எவரோ
பக்கத்து விரலோடு சேர்த்துத்
துணி கிழித்துக் கட்டுவார்.
இடைப்பட்ட காலத்துக்கு
என்னுடையது.

நேற்று தடா தாண்டித் திரும்பும்போது
இறால் லாரி ஒன்று ஓரம் கட்டியது.
விந்தி விந்தி ஓடும் பொம்பளை,
விடியாத நேரம்.
யாராவது துரத்துகிறார்களா என்று
தெலுங்கில் கேட்டான் டிரைவர்.
லேது, லேது,
ஊரிகே, என்று கத்திக்கொண்டே ஓடினேன்.
சும்மாதான்.

ஒன்பது மணிக்கு அதே லாரி
என் மேடையில் ஏறியது.
பதினாறு டன் நானூற்று இருபது.
ரசீதை நீட்டினேன்.
மேஜைக்கடியில், பக்கெட் தண்ணீருக்குள்
ஊறிக்கொண்டிருந்த காலை எட்டிப் பார்த்தவன்
ஒன்றும் சொல்லாமல் வண்டிக்குப் போனான்.
பாலிதீன் பையில் ஐஸ் கட்டியோடு வந்து
ரசீது புத்தகத்தின்மேல் வைத்தான்.
இறால் வாடை.
கார்பன் தாள் நனைந்தது.

பெஞ்சலய்யா மூக்கைப் பொத்திக்கொண்டு
எடை குறைஞ்சுபோச்சே, திரும்ப ஏத்தணுமா என்றார்.
வேண்டாம் என்றேன்.
ஒரு கிலோவெல்லாம்
இந்த மேடைக்குத் தெரியாது.